கறுத்த பில்லும் ஆயுட்கால உத்தரவாதமும்

என் சக்கரக் கதிரை உடைந்தது சந்தைக்குள், முருங்கைக்காய்க் குவியலுக்கும் பிலாப்பழக் குவியலுக்கும் நடுவில். காலை ஏழு மணி இருக்கும். முருங்கைக்காயை ஏலம் கூறி முடித்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினேன். இருக்கைக்குக் கீழே டக் என்று ஒரு சத்தம். வலது பக்கம் இறங்கியது. பிறகு முழுக் கதிரையும் மடிந்து, நான் பிலாப்பழங்களுக்கு மேல் கிடந்தேன்.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடைசிச் சண்டையில் செல் துண்டு ஒன்று முள்ளந்தண்டுக்குள் போனது. அது வேறு கதை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகப் பலர் வந்தார்கள், போனார்கள். இது சக்கரக் கதிரையின் கதை. இதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கொடிகாமம் சந்தையில் ஏலம் கூறுகிறவன். தென்மராட்சித் தோட்டக்காரர் விடியக் கொண்டுவந்து கொட்டுகிற பிலாப்பழம், மாங்காய், தேசிக்காய், வாழைக்குலை எல்லாவற்றையும் குவியல் குவியலாகக் கூவி வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுக்க வேண்டும். தொண்டை வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தொண்டை எல்லாருக்கும் இருக்கிறது. இது ஓட்ட வேலை. எவன் குவியலுக்குப் பக்கத்தில் முதலில் போய் நிற்கிறானோ அவன்தான் கூறுவான். அதுதான் அங்கே வழக்கம். வராதவனுக்காக ஒரு தோட்டக்காரனும் காத்திருக்க மாட்டான், பழம் அதுவரை பொறுக்காது. நான் சக்கரக் கதிரையில் நடக்கிறவர்களைவிடக் கெதியாகப் போவேன். பதினொரு வருடம் அப்படித்தான் என் இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன்.

உடைந்த கதிரை மூன்றாவது. முதல் இரண்டும் ஆஸ்பத்திரியில் தந்தவை. மூன்றாவதைக் கனடாவில் இருக்கிற அண்ணை வாங்கித் தந்தார். மூன்றரை வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவுக்கு வந்தவர், மருத்துவச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு என்னை யாழ்ப்பாணம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். நரைத்த தலை வெள்ளைக்காரன் ஒருவன் சக்கரக் கதிரையில் இருந்து முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிறான். அவன் தலைக்கு மேலே சிவப்பில் 'ஆயுட்கால உத்தரவாதம்'. காலடியில் எறும்பு அளவு எழுத்தில் ஏதோ இருந்தது. அண்ணையும் அதை வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

"பாத்தியே, லைஃப்ரைம் வொறன்ரி," என்றார் அண்ணை. "இனி உன்ரை சீவியத்துக்கும் கதிரைக் கவலை இல்லை."

"உடைஞ்சா வந்து தருவாங்களோ?"

"அங்கை எனக்கு ஒரு ஸ்பனர் உடைஞ்சது. கொண்டுபோய் மேசையிலை வைச்சன். ஒரு கேள்வி கேக்கேல்லை. புதுசு எடுத்துத் தந்தவன்."

"அது அங்கை."

"உந்த வாயாலைதானடா உன்னை ஒருத்தரும் அண்டுறேல்லை," என்று சொல்லிவிட்டு வாங்கினார்.

கதிரையோடு ஒரு வொறன்ரி அட்டையும் ஒரு பில்லும் தந்தார்கள். அட்டையில் கதிரையின் இலக்கமும் கடையின் முத்திரையும் இருந்தன. அடுத்த நாளே கொடிகாமத்தில் போட்டோக்கொப்பி எடுக்கிற கடைக்குப் போய் இரண்டையும் சேர்த்து லமினேற் செய்தேன்.

ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். இங்கே எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பிறப்புச் சாட்சிப்பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள் மினுங்கிக்கொண்டு இருக்கும். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, வலிகாமத்தில் இருந்து முழுச் சனமும் ஒன்றாக வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டுக் கடதாசிப் பை என் தோளில்தான் இருந்தது, எனக்கு அப்போது பதினெட்டு வயது. நல்ல மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடம் இல்லாமல் நின்று நின்று நகர்ந்தோம். கொடிகாமத்துக்கு வந்து பையைத் திறந்தபோது உள்ளே குழைத்த மாப்போல ஒரு கட்டி கிடந்தது. என் பெயரும் பிறப்பும் அப்பாவின் காணியும் அந்தக் கட்டிக்குள். நான் பிறந்தவன் என்பதை அரசாங்கக் கந்தோர்களுக்கு நிரூபிக்க எனக்கு நாலு வருடம் பிடித்தது. அந்த நாலு வருடமும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸால் இறக்கி வைத்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகு கையில் கிடைத்த கடதாசி எதையும் நான் சும்மா விட்டதில்லை. ஒருமுறை மின்சார பில்லைக்கூட லமினேற் செய்தேன்.

கதிரைப் பில் நீளமாக இருந்தது. லமினேற் கடையில் நின்ற பெண் அதை எழுத்து உள்ளே போகிற மாதிரி இரண்டாக மடித்து, அட்டைக்குப் பின்னால் வைத்து மெசினுக்குள் விட்டாள். சூடாக வெளியே வந்தது. கையில் பிடிக்கத் திடமாக இருந்தது. அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கதிரை உடைந்த மறுநாள் அதை ஓட்டோவில் கட்டிக்கொண்டு நானும் என் மனிசியும் டவுனுக்குப் போனோம். கடைக்குள் என்னைத் தூக்கி ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்தார்கள். அங்கே இருந்த முகாமையாளர் முப்பது வயது மதிக்கக்கூடிய ஆள், மரியாதையானவர். குனிந்து பார்த்தார். இருக்கைக்குக் கீழே குறுக்காகப் போகிற குழாய், ஒட்டு வைத்த இடத்தில் வெடித்திருந்தது.

"சில்லு, துணி எண்டா ஒண்டும் செய்யேலாது அண்ணை. இது பிரேம். பிரேமுக்கு லைஃப்ரைம் இருக்கு. பில் இருக்கே?"

நான் மடியில் வைத்திருந்ததை நீட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மேசைக்கு முன்னால், கேட்ட கடதாசி வாழ்க்கையில் முதல்முறையாக என் கையில் இருந்தது.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில்லு உள்ளுக்கை மடிஞ்சு கிடக்கு. கொம்பனிக்கு வாங்கின திகதி காட்டோணும். வெட்டட்டே?"

"வெட்டும்."

பிளேட்டால் ஓரத்தைக் கீறி, பில்லை மெல்ல இழுத்து விரித்தார். உள்ளே கறுப்பு. முழுக்கக் கறுப்பு. ஒரு எழுத்து இல்லை, ஒரு இலக்கம் இல்லை. விறகு அடுப்புக்கு மேலே இருக்கிற சுவர் மாதிரி இருந்தது.

"உது சூட்டிலை அச்சடிக்கிற கடதாசி அண்ணை," என்றார். "லமினேற் மெசின் சூடு பட்டா இப்பிடித்தான் கறுத்துப் போகும். தெரியாதே?"

"தெரிஞ்சா செய்வனே?"

மனிசி பக்கத்தில் நின்று சொன்னாள்: "நான் அப்பவே சொன்னனான், எல்லாத்தையும் கொண்டுபோய் உருக்காதேங்கோ எண்டு."

"நீ எப்பவடி சொன்னனீ?"

"மனசுக்குள்ளை சொன்னனான்."

முகாமையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அட்டையைப் பார்க்கச் சொன்னேன். அதில் வாங்கிய திகதி எழுதுகிற கோடு வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்ப வேண்டியது விற்கிறவர்கள்.

"முத்திரை குத்தத் தெரிஞ்ச உங்களுக்குத் திகதி எழுதக் கை வரேல்லையோ?"

"நான் அப்ப இஞ்சை வேலை செய்யேல்லை அண்ணை."

"உங்கடை கொம்பியூட்டரிலை பாரும்."

"அது போன வருசம் மாத்தினது. பழைய பில் ஒண்டும் இல்லை."

கதிரையைப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார். கொம்பனி நல்ல முடிவு சொல்லும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "வெளியிலை குடுத்து ஒட்டிப் போடாதேங்கோ. வெல்டிங் அடையாளம் கண்டா வொறன்ரி அந்த இடத்திலையே முடிஞ்சுது."

அண்ணைக்குச் சொன்னேன். முதலில் லமினேற்றுக்குத் திட்டினார். பிறகு, "விடாதை. லைஃப்ரைம் எண்டு எழுதிப்போட்டு ஏமாத்தேலாது. தந்துதான் ஆகோணும். நீ கதிரையிலை கை வைக்காமல் இரு," என்றார். நானும் கை வைக்கவில்லை. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கை வைக்கவில்லை. இதில் நான் யாரையும் சாட்ட முடியாது. அந்தச் சிவப்பு எழுத்தை நான் நம்பினேன். பதினெட்டு வயதில் இருந்து எதையும் நம்பாத நான் அதை நம்பினேன்.

அந்த ஆறு கிழமையும் சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் இடம் போய்விடும். ஓட்டோவில் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் என்னை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து, கதிரையோடு தூக்கிக் குவியல் குவியலாகக் கொண்டு போனார்கள். முதல் கிழமை அது ஒரு பகிடி.

"சாமி வெளிக்கிட்டுது, வழி விடுங்கோ."

"அரோகரா."

"பாத்துத் தூக்குங்கோடா, சாமி பாரம். விழுத்தினா பிராயச்சித்தம் செய்யோணும்."

"சாமிக்கு மாங்காய்க் குவியல் கை விட்டுப் போகப்போகுது," என்று நானும் மேலே இருந்து கத்தினேன். "கதையை விட்டிட்டு ஓடுங்கோடா."

தேசிக்காய் விற்கிற பெண் ஒருத்தி ஒருநாள் ஒரு தேசிக்காயை உண்மையாகவே என் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். சந்தையே சிரித்தது. நானும்தான்.

என் பழைய கதிரைக்கு ஒரு மெத்தை இருந்தது. புண் வராமல் இருக்க. அதைப் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்தால் தூக்கும்போது வழுக்கி விழுந்தது. இரண்டு தரம் நானும் அதோடு வழுக்கினேன். பிறகு மெத்தை இல்லாமல் இருந்தேன். சாக்கை மடித்துப் போட்டேன். எனக்குத்தான் கீழே ஒன்றும் தெரியாதே.

மூன்றாம் கிழமை பகிடி முடிந்தது. தூக்குகிறவர்களில் மூத்தவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணை, நாங்கள் மூட்டைக்கு வந்தனாங்கள். லொறி நிக்குது." அவன் சொன்னதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு என்னை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் கொட்டுகிற குவியல்களைக் கூறினேன். தூரத்துக் குவியல்களை, தராசில் நிறுத்துக் கொடுக்க நின்ற ஒருவன் கூறத் தொடங்கினான்.

"நீங்கள் வருமட்டும்தான் அண்ணை," என்று வந்து சொன்னான்.

நல்லவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் சந்தை முடிய கொம்பனிக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு பெண் குரல். எவ்வளவு கத்தினாலும் அந்தக் குரல் ஒரே மாதிரி.

"உங்கட முறைப்பாடு பாத்துட்டிருக்காங்க சேர்."

"ஆர் பாக்கினம்?"

"டெக்னிக்கல் டீம் சேர்."

"உடைஞ்ச கதிரையை உடைஞ்சது எண்டு சொல்ல எத்தினை பேர் வேணும் பிள்ளை?"

"கொஞ்சம் லைன்ல இருங்க சேர்."

பிறகு பாட்டு வரும். பாட்டு முடிந்தால் லைன் கட்டாகும்.

ஐந்தாம் கிழமை குளிக்க வார்க்கும்போது மனிசி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, பின்பக்கம் சிவந்திருக்கு. ரெண்டு நாளைக்குப் போகாதேங்கோ."

"இந்தக் கிழமை கொம்பனிக்காரன் முடிவு சொல்லுவான். அதுமட்டும் போறன்," என்றேன்.

முடிவு வந்தது. இங்கிலீசில். கடை முகாமையாளர் போனில் வாசித்துத் தமிழில் சொன்னார். இடையிடையே நிறுத்தி நிறுத்தி வாசித்தார், தன் குற்றம் மாதிரி. ஆயுட்காலம் என்று அவர்கள் சொன்னது பிரேமைப் பாவிக்கக்கூடிய காலத்தையாம். அது ஐந்து வருடமாம். பில் இருந்தால் வாங்கின நாளில் இருந்து எண்ணுவார்களாம். பில் இல்லாவிட்டால் செய்த நாளில் இருந்து. செய்த நாள் பிரேமில் ஒட்டிய துண்டில் இருந்தது. கதிரை தொழிற்சாலையை விட்டு வந்து ஆறு வருடம்.

வாங்கி மூன்றரை வருடம். அப்படியென்றால் அதற்கு முன் இரண்டரை வருடம் அது எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் மடித்துக் கிடந்திருக்கிறது. நான் அதில் ஏறி இருப்பதற்கு முன்பே அதன் ஆயுளில் பாதி முடிந்துவிட்டது. பில் கறுக்காமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்திருக்கும்.

"இன்னும் ஒண்டு எழுதியிருக்கு," என்றார் முகாமையாளர். "வீட்டுக்குள்ளை பாவிக்கத்தான் செய்ததாம். சந்தை மாதிரி இடங்களுக்கு எண்டா எப்பிடியும் குடுக்க ஏலாதாம்."

"சக்கரம் பூட்டினது வீட்டுக்குள்ளை சுத்தவோ?" என்று கேட்டேன்.

அன்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். ஏமாற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றினால் ஒரு நாளில் தெரிந்துவிடும், அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது அதைவிட மோசம். இது ஆளைக் கட்டிப்போடுகிறது. அந்த அட்டை இல்லாத ஒருவன் கதிரை உடைந்த அன்றே கொண்டுபோய் ஒட்டியிருப்பான். மறுநாள் சந்தையில் நின்றிருப்பான். நான் அட்டை வைத்திருந்தேன். அதனால் காத்திருந்தேன். என் சீவியத்தில் ஆறு கிழமையை எடுத்துவிட்டு அவர்கள் தந்தது ஒரு பாட்டு.

அடுத்த நாள் கதிரையை டவுனில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் அறுபது தாண்டிய முஸ்லிம் ஆள். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் போலக் குடும்பத்தோடு விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், எல்லாருக்கும் 'நானா'. நான் ஓட்டோவில் இருந்தபடியே கதையைச் சொன்னேன்.

"இந்த வெடிப்புக்கோ தம்பி ஆறு கிழமை இருந்தனீர்?"

"ஒட்டினா வொறன்ரி போகும் எண்டாங்கள் நானா."

"இப்ப வொறன்ரி எங்கை?"

"போட்டுது."

"அப்ப பயமில்லை. இறக்கும்."

கறுத்த பில்லையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "எங்கடை வாப்பாவின்ரை காணி உறுதியும் லமினேற் பண்ணித்தான் வைச்சிருக்கிறம். காணிக் கந்தோரிலை எடுத்த பிரதி. எழுத்தெல்லாம் நல்ல தெளிவு. காணிக்குள்ளைதான் வேறை ஆள் இருக்கு," என்றார். சொல்லிவிட்டு முகமூடியைக் கவிழ்த்தார்.

வெடித்த இடத்தைத் தேய்த்து, உள்ளே ஒரு தகட்டுத் துண்டு வைத்து, சுற்றி ஒட்டினார். அரை மணித்தியாலம் ஆகவில்லை. ஆற விட்டு, கறுப்பு பெயின்ற் பூசினார்.

"இது எவ்வளவு காலத்துக்கு நிக்கும் நானா?"

"எனக்கென்ன தெரியும்? உடைஞ்சா கொண்டு வாரும். நான் இருந்தா ஒட்டித் தாறன்."

வீட்டுக்கு வந்து என்னை அதில் ஏற்ற முன் மனிசி நான் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. கட்டிலில் கவிழ்த்துப் போட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எலும்பு தெரியுது," என்றாள்.

ஆஸ்பத்திரியில் வெட்டித் துப்புரவாக்கினார்கள். இருக்கக் கூடாது என்றார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். நாள் கேட்காதேங்கோ, மாதம் கேளுங்கோ என்றார் டொக்டர். அதனால் இதைக் குப்புறப் படுத்துக்கொண்டு, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருப்பது அதனால்.

அண்ணை போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "நான் புதுக் கதிரை ஒண்டு எடுத்து விடட்டே?"

"கதிரை இருக்கு. இருக்கிறதுக்குப் பின்பக்கம்தான் இல்லை. அது எங்கையும் லைஃப்ரைமோடை வித்தா எடுத்து விடுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அவர் சொல்லித்தான் நான் கை வைக்காமல் இருந்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் தராசில் நின்றவன் ஒரு பிலாப்பழத்தோடு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். நான் குப்புறக் கிடந்ததால் அவன் காலைத்தான் பார்க்க முடிந்தது. சந்தைச் சேறு காய்ந்த செருப்பு. முன்பெல்லாம் அவன் செருப்பில் சேறு இருந்ததில்லை, தராசடியில் நிற்கிறவனுக்குச் சேறு படாது.

"எப்ப அண்ணை வருவியள்?"

"தெரியேல்லை."

"நாளைக்கு மாங்காய் கனக்க வருதாம். மூண்டு லொறி." அவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினான். சொல்லியிருக்கக் கூடாதது என்று நினைத்திருப்பான்.

"அப்ப வெள்ளெனப் போ," என்றேன். "முதல் குவியல் எப்பவும் வாசலுக்கு இடப்பக்கம் விழும். அதிலை போய் நில். அதை விட்டா அண்டைக்கு முழுக்க நீ பின்னாலைதான் ஓடுவாய்."

"ஓம் அண்ணை."

பிலாப்பழத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்தான். பிறகு, "போட்டு வாறன்," என்று சொல்லிப் போனான்.

கதிரை சுவரோடு நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் சந்தியில் இருக்கிற குழாயில் பிடிக்க வேண்டும். மனிசி இரண்டு வெற்றுத் தண்ணீர்க் கான்களைக் கதிரையில் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது இரண்டும் நிறைந்திருந்தன. இரண்டும் சேர்ந்தால் என் பாரத்தைவிடப் பெரிதாகக் குறையாது. வாசற்படியில் சக்கரம் ஏறி இறங்கியது. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒட்டின இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.